பதிலுக்கு விட்ட இடம்

கல்யாணமாகி மலாக்காவில் காஜா பேராங்குக்கு வந்த முதல் வாரத்திலேயே, பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டேன். என் சமையற்கட்டு ஜன்னலுக்கு நேரே அவர்கள் ஜன்னல். உள்ளே ஒரு மேசை. வேலை முடிந்து வந்ததும் கெபாயா சட்டையைக்கூட மாற்றாமல் அந்த மேசை முன்னால் உட்கார்ந்துவிடுவார். தலையில் ஓர் இரும்புப் பட்டை, இரண்டு காதிலும் கறுப்பு மூடி. கை எதையோ திருகும், எதையோ தட்டும். தலை ஆடும். சில நேரம் கண்ணை மூடிச் சிரிப்பார். இவ்வளவும் நடக்கும், ஆனால் ஒரு பொட்டுச் சத்தம் வெளியே வராது. சத்தம் வந்திருந்தால் நான் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் பஸ் கண்டக்டர். மலாக்கா வம்பு பூராவும் டிக்கெட்டோடு சேர்ந்து அவரிடம் வந்துவிடும். "அடி போடி, அது டெலிபோன் ஆபீஸ்ல வேலை செய்ற அக்கா. செட்டி வீட்டு ஆளுங்க. வீட்லயும் போன் பேசுறாங்க போல," என்றார். போனே இல்லாத வீட்டில் என்ன போன்? அலாமா, இந்த ஆம்பளைங்க சொல்லும் பதிலும் ஒரு பதிலா!

மலாக்காச் செட்டி ஆட்கள் சாமி கும்பிடுவது நம்மைப் போலத்தான். பொங்கல் வைப்பார்கள், திருநீறு பூசுவார்கள். பேச்சு மட்டும் மலாய், அதுவும் அவர்களுக்கே உரிய ஒரு மலாய். அக்காவிடம் இருந்த தமிழ் அண்ணன், தங்கச்சி, பூ, பொங்கல் என்று ஒரு கைப்பிடிக்குள் அடங்கும். என்னைத் 'தங்கச்சி' என்பார். மற்றதையெல்லாம் மலாயில் சொல்வார். நான் அதை என் தமிழில்தான் இங்கே சொல்கிறேன்.

அப்போது அவருக்கு நாற்பது வயது இருக்கும். கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்காத பெண் அந்தத் தெருவில் கிடையாது, நானும் கேட்டேன். "லைன் கிடைக்கல லா," என்று சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டார்.

அவர் வேலையே லைன் கொடுப்பதுதான். அந்தக் காலத்தில் போனை எடுத்தால் ஓர் ஆள் வந்து நம்பர் கேட்க வேண்டும், கயிற்றைச் சொருகி அடுத்த முனையோடு சேர்த்துவிட வேண்டும். ஊரார் பேச்சையெல்லாம் காலையிலிருந்து சேர்த்துவிட்டு வருவார். வீட்டுக்கு வந்தால் வாயே திறக்க மாட்டார். ஆனால் அந்த லைன்களைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், முகமே மாறிவிடும். "சிங்கப்பூர் லைனுக்குத் தடிச்ச குரல், தங்கச்சி. மூவார் லைன் மூக்கால பாடும். மழை வந்தா குருபோங் பக்கத்து லைன் நடுங்கும்." எதிர்முனையில் ஆள் எடுக்காமல் மணி அடித்துக்கொண்டே இருக்குமாம், அதுதான் இருப்பதிலேயே அழகான சத்தமாம். "எடுத்துட்டா போச்சு. அப்புறம் வெறும் பேச்சுதான்," என்பார்.

மேசையில் என்ன இருந்தது என்று தெரிய எனக்குச் சில மாதம் ஆனது. நாலைந்து பிஸ்கட் டின். ஒவ்வொன்றுக்குள்ளும் ரேடியோ வால்வு ஒன்று சிவப்பாக எரியும், முகப்பில் ஒரு திருகு. திருகினால் அந்த டின்னின் குரல் ஏறும், இறங்கும். ஆபீசில் இருந்த மெக்கானிக் ஒருவர் முதல் டின்னைச் செய்து காட்டினாராம். அடுத்ததெல்லாம் அக்காவே பற்றவைத்தது. பலகை ஒன்றில் பித்தளைத் தகடுகளை வரிசையாக ஆணி அடித்து வைத்திருந்தார். விரலால் தகட்டை அழுத்தினால் டின் பாடும். அவர் வலது கைக் கட்டைவிரலில் எப்போதும் ஒரு தீக்காயம் இருக்கும். ஒன்று ஆறினால் இன்னொன்று வந்துவிடும்.

அப்புறம் டேப் மெஷின். மெர்டேக்கா என்று சுதந்திரம் வந்து துரைமார்கள் கப்பலேறிக்கொண்டிருந்த காலம் அது. பண்டார் ஹிலிரில் அவர்கள் வீட்டுச் சாமானையெல்லாம் வந்த விலைக்கு விற்றார்கள். ஊரார் நாற்காலியும் ஐஸ்பெட்டியும் வாங்கினார்கள். அக்கா ஒரு டேப் மெஷினை மடியில் வைத்துக்கொண்டு ரிக்ஷாவில் வந்து இறங்கினார். அடுத்த வருடம் இன்னொன்று வந்தது. ஒன்று பாடினால் மற்றது அதைக் கேட்டுப் பதிந்துகொள்ளும். ஒரு சத்தத்தைப் பிடிப்பார். பிடித்த நாடாவை ரேசர் பிளேடால் அறுத்து, தலையையும் வாலையும் சேர்த்து ஒட்டி வளையமாக்குவார். வளையம் மெஷினிலிருந்து கிளம்பி, மேசை ஓரத்தில் மணல் நிரப்பிய பால் டின்னைச் சுற்றிக்கொண்டு மறுபடியும் உள்ளே போகும். அதே சத்தம் திரும்பத் திரும்ப வரும். அதன் மேல் டின்களின் குரலை விரலால் ஏற்றுவார். எல்லாம் அந்தக் காது மூடிக்குள்தான். பலகை வீடுகள், இங்கே தும்மினால் அங்கே கேட்கும். "முடியாத பாட்டை ஊர் கேக்கக் கூடாது," என்பார். எந்தப் பாட்டும் முடிந்ததாக அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

வேலை முடிந்ததும் அத்தனையையும் நெருக்கி வைத்து, மேலே சாப்பாடு மூடும் ஓலைக்கூடையைக் கவிழ்த்துவிடுவார். அவ்வளவும் அதற்குள் அடங்கிவிடும். ஒரு தீபாவளிக்குப் பலகாரம் சாப்பிட என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டிருந்தார்கள். அக்காவின் அம்மா சமையல் வேலையில் இருந்தபடியே, "மேசையில கூடைக்குள்ள இருக்கு, எடுத்துக்கோ," என்றார். இந்த மனுஷன் தப்பான மேசைக்குப் போய், கூடையைத் தூக்கிப் பார்க்காமல் கையை உள்ளே விட்டார். ஷாக் அடித்து அவர் போட்ட கூச்சல் எங்கள் வீட்டுக்குக் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால், அக்கா மெஷினைத் தயாராக்கிக்கொண்டு அவர் முன்னால் நிற்கிறார். "இன்னொரு தடவை அதே மாதிரி கத்துங்க. நல்லா இருந்துச்சு."

அவரோடு பேசுவதே எனக்குச் சில நாள் எரிச்சலாக இருக்கும். மாமியார் சொன்ன சொல்லைச் சொல்லி அழுதுகொண்டிருப்பேன், நடுவில் ஒரு விரலைத் தூக்குவார். "சபார், தங்கச்சி." பொறு என்று அர்த்தம். தெருமுனையில் ஐஸ் உருண்டைக்காரன் மணி அடிப்பான். அது தேய்ந்து மறையும் வரை விரல் அப்படியே நிற்கும். பிறகு, "ம், மாமியார் என்ன சொன்னாங்க?" என்பார். அதற்குள் எனக்கு அழுகையே போயிருக்கும்.

ஒரு நாள் நான் பின்னால் துணி துவைத்துக்கொண்டிருக்கிறேன். பார்த்தால் வேலி வழியாக மைக்கை நீட்டிக்கொண்டு நிற்கிறார்.

"என்னாக்கா இது? துணி துவைக்கிறதைக்கூடவா பிடிப்பீங்க?"

"நீ கல்லுல அடிச்சுட்டு ஒரு மூச்சு விடுற பாரு, அதுதான் வேணும். பேசாத, அடி."

பேசாமல் அடித்தேன். வேறு என்ன செய்ய? அன்றைக்கு என் வீட்டுக்காரர் சட்டையில் ஒரு பட்டன் தங்கவில்லை.

அதற்குக் கூலியாகத்தான் ஒரு முறை காது மூடியை என் தலையில் மாட்டிவிட்டார். முதலில் ஒன்றும் விளங்கவில்லை. டொக்கு டொக்கென்று உரலில் ஏதோ இடிபடும் சத்தம். அதற்கு நடுவே என் துணி 'பளார்' என்று விழுந்தது, பின்னாலேயே என் மூச்சு. அடியில் ஒரு டின், சிங்கப்பூர் லைன் மாதிரியே தடித்த குரலில் முனகிக்கொண்டிருந்தது. மேலே டின்னின் குரல் ஒன்று, சின்னப் பிள்ளை தூக்கத்தில் சிணுங்குவது மாதிரி ஏறி இறங்கியது. எனக்குச் சிகாமட்டில் இருக்கும் எங்கம்மா நினைவு வந்துவிட்டது. அவரைப் பார்த்து ஒரு வருடம் ஆகியிருந்தது. தேம்பித் தேம்பி அழுதேன். அக்கா ஆறுதல் சொல்வார் என்று பார்த்தால், நாடாவைப் பின்னால் சுற்றுகிறார். "எந்த இடத்துல அழுகை வந்துச்சு? இங்கயா? இதுக்கு முன்னாடியா?"

அந்த உரல் சத்தம் அவர் அம்மா மிளகாய்ச் சம்பல் இடித்தது. அம்மாவுக்குத் தெரியாமல் பிடித்திருந்தார்.

அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் அக்காவைச் சொல்ல முடியாது. வயதுக் காலத்தில் பெரிய பாட்டுக்காரி. கல்யாண வீடுகளில் டொண்டாங் சாயாங் பாடுவதற்கு அவரைத்தான் தேடி வருவார்களாம். அந்தப் பாட்டில் ஒருவர் நாலு வரி பாடுவார். எதிரில் இருப்பவர் அதே மெட்டில் அந்த இடத்திலேயே இட்டுக்கட்டி நாலு வரி பதில் பாட வேண்டும். வயலினும் மேளமும் கூடவே போகும். அம்மா பாடினால் பதில் பாட அக்காவின் அண்ணன் ஒருவர்தான் ஆள். அந்த அண்ணன் சுங்க இலாகாவில் வேலை கிடைத்து, புக்கிட் கட்டில் பக்கம் வீடு கட்டிக்கொண்டு போய்விட்டார். அதோடு வீட்டில் பாட்டு நின்றது. அக்காவுக்குப் பாட்டு வராது. வாயைத் திறந்தால் சுருதி ஓடிவிடும் என்று அவரே சொல்வார்.

மகள் மேசையில் செய்வதை அம்மா பாட்டென்றே ஒத்துக்கொள்ளவில்லை. திட்டவும் மாட்டார். "தனியா உக்காந்து தானே கேக்குறதுக்குப் பேரு பாட்டா? பதில் சொல்ல ஆள் வேணாமா?" என்று என்னிடம்தான் கேட்பார். அக்கா காதில் மூடி இருக்கும்போது அம்மா என்ன சொன்னாலும் விழாது. அதனால் அம்மாவும் தனியாகத்தான் பேசிக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் இருந்தது இரண்டே பேர்.

"எங்கம்மா ஒரு தடவை கேட்டுட்டாப் போதும், தங்கச்சி," என்று அக்கா ஒரு நாள் சொன்னார். "வேற யாரும் கேக்க வேணாம். ஊர் கேக்க வேணாம். ரேடியோ வேணாம். அம்மா கேட்டு, 'சரி'ன்னு ஒரு வார்த்தை." லைனைத் தவிர வேறொன்றைப் பற்றி இவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டது அதுதான் முதல் முறை.

அம்மா அந்த மூடியைத் தொடவே மாட்டார். ஆபீஸ் சாமானை வீட்டுத் தலையில் வைக்கக் கூடாது என்பார். மழைக்காலத்தில் சளி பிடித்துப் படுத்திருந்தபோது, எதற்கு மனம் இறங்கினாரோ, "கொண்டா அதை," என்றார். நான் கஞ்சி கொண்டுபோயிருந்தேன், என் கண் முன்னால்தான் நடந்தது. அக்கா மாட்டிவிட்டார். அம்மா கடைசி வரை கேட்டார். ஒரு விரல் போர்வை மேல் தாளம் போட்டது. கழற்றிக் கொடுத்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு," என்றார். அப்புறம் அம்மா கேட்டார்: "ஆனா நீ நிறுத்தாமப் பாடிக்கிட்டே போறியே. நான் எங்க நுழையுறது?"

அதைக் கேட்டு அக்கா வருத்தப்படவில்லை. அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை. பாட்டுக்கு நடுவில் இடம் விட்டால் அம்மா பாடுவேன் என்கிறார், வேறென்ன அர்த்தம்? ராப்பகலாக உட்கார்ந்து நாடாவை அறுத்தார். நாலு வரி பாடும் நேரத்துக்கு எல்லாக் குரலையும் இறக்கி, உரலை மட்டும் மெல்ல ஓடவிட்டு, பதிலுக்கு இடம் செய்தார். அது பிடிக்காமல் மறுபடி அறுத்தார். "நாளைக்குக் காட்டுங்கக்கா, இதுவே போதும்," என்றேன். "சபார்," என்றார். அம்மாவுக்குச் சளி நெஞ்சில் இறங்கிவிட்டது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள், திரும்பி வரவில்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அண்ணன் தன் வீட்டோடு வந்துவிடச் சொன்னார். அக்கா போகவில்லை. இனிமேல் சத்தத்தை வெளியே விடுவார், கேட்டுத் தொலைக்க வேண்டியதுதான் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அந்த வீட்டில் தொந்தரவு என்று சொல்ல இனி ஆள் இல்லையே. ஆனால் அக்கா பழையபடி மூடியை மாட்டிக்கொண்டுதான் உட்கார்ந்தார். ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். முன்பாவது ஆடிய தலை இப்போது ஆடாது.

பொங்கலுக்கு முதல் நாள் செட்டி வீடுகளில் பார்ச்சு உண்டு. செத்துப்போனவர்களுக்குப் படைப்பது. வாழையிலை போட்டு, அவரவருக்குப் பிடித்ததைச் சமைத்து வைத்து, விளக்கேற்றிக் கூப்பிடுவார்கள். அந்த வீட்டு வழக்கப்படி, கூப்பிட்டதும் எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிட வேண்டும். வாசலில் ஓர் ஊதுபத்தி கொளுத்தி வைப்பார்கள். அது எரிந்து முடிகிற வரை உள்ளே இருப்பவர்கள் சாப்பிடுகிறார்கள் என்று கணக்கு. அதற்குள் கதவைத் தொடக் கூடாது, எட்டிப் பார்க்கவும் கூடாது.

அம்மா போன பிறகு வந்த முதல் பார்ச்சு அது. அண்ணன் குடும்பத்தோடு வந்திருந்தார். அம்மாவின் தங்கை, அக்காவுக்குச் சின்னம்மா, அவரும் வந்திருந்தார். காய் நறுக்க நான் போயிருந்தேன். அம்மாவின் இலைக்குப் பொரித்த மீனும் சம்பலும் வைத்தோம். எல்லாரும் கும்பிட்டு வெளியே வந்தோம். சாம்பிராணி போட்டுவிட்டு வருகிறேன் என்று அக்கா மட்டும் பின்தங்கினார். பிறகு வந்து, கதவைச் சாத்திவிட்டு, என் பக்கத்தில் படியில் உட்கார்ந்தார். சின்னம்மா ஊதுபத்தியைக் கொளுத்தினார்.

பத்தி கொஞ்சம் எரிந்திருக்கும். உள்ளேயிருந்து உரல் சத்தம் கேட்டது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காது மூடி இல்லாமல், முதல் முறையாக, மெஷினின் ஒலிபெருக்கியில். முன்னால் கொஞ்சம் வெறும் நாடா விட்டு, சாம்பிராணி போடும்போதே ஓடவிட்டிருக்கிறார். அண்ணன் துள்ளி எழுந்தார். "என்ன வேலை இது? உள்ள யாரு? அந்தப் பிசாசு மெஷினா? சாமிக்குப் படைச்ச இடத்துலயா?" கதவைப் பார்த்துப் போனார்.

சின்னம்மா குறுக்கே கையை நீட்டினார். "உக்காரு. பத்தி எரியுது."

"அவ பண்ணியிருக்கிறதைப் பாத்தீங்களா?"

"பாத்தேன். கதவைத் தொட்டீன்னா உங்கம்மாவைப் பாதிச் சாப்பாட்டுல எழுப்புன பாவம் உன்னைத்தான் சேரும். உக்காரு."

அவர் உட்கார்ந்தார். யாரும் எழுந்து போக முடியாது, கதவையும் திறக்க முடியாது. அத்தனை பேரும் அக்காவின் பாட்டைக் கேட்டே தீர வேண்டும் என்று ஆகிவிட்டது. அக்கா யார் முகத்தையும் பார்க்கவில்லை. கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். டின் குரல்கள் ஒவ்வொன்றாக ஏறின. என் துணி விழுந்தது. சின்னம்மா மெல்ல, "இது என் அக்கா கை," என்றார். "சம்பல் இடிக்கிறா. இது எங்க அக்கா கைதான்." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அப்போது குரல்களெல்லாம் இறங்கின. உரல் மட்டும் மெல்ல ஓடியது.

பதிலுக்கு விட்ட இடம். எனக்குத் தெரியும், அக்காவுக்குத் தெரியும். அண்ணனுக்கும் தெரிந்துவிட்டது. எத்தனை வருடம் அம்மாவுக்குப் பதில் பாடியவர், நாலு வரி நீளம் அவருக்குத் தெரியாதா? தொண்டை ஒரு முறை அசைந்ததைப் பார்த்தேன். பாடிடுங்க, யாராவது பாடித் தொலைங்களேன் என்று எனக்குள் அடித்துக்கொண்டது. சின்னம்மா அவரைப் பார்த்தார். எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். அவர் சட்டைப் பையைத் தடவி ஒரு சிகரெட்டை எடுத்துப் பற்றவைத்தார். இடம் தீர்ந்து பாட்டு மறுபடி ஏறியது. இன்னொரு முறை இறங்கியது, மறுபடியும் யாரும் பாடவில்லை. கடைசி முறை இறங்கியபோது தெருவில் ஒரு சைக்கிள் போன சத்தம் மட்டும் கேட்டது. நாடா முடிந்து, அதன் வால் மெஷினில் பட்டுப் பட்டென்று அடித்துக்கொண்டே இருந்தது. பத்தி எரிந்து முடியும் வரை அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தோம்.

கதவைத் திறந்தார்கள். வழக்கப்படி எல்லாரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். கை கழுவிவிட்டு வந்த அண்ணன், "அடுத்த வருசத்துலேர்ந்து பார்ச்சு எங்க வீட்டுலதான்," என்றார். கத்தவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். அம்மா படத்தையும் பித்தளை விளக்கையும் அப்போதே காரில் ஏற்றினார்கள். விளக்கு உருளாமல் இருக்க அக்காவே பழைய சாரோங்கில் சுற்றிக் கொடுத்தார். சின்னம்மா அவர் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போய் வண்டியில் ஏறினார்.

வண்டி போன பிறகு நானும் அவரும் இலைகளை எடுத்தோம். எனக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. "நாலு வரி, அக்கா! உங்க அண்ணனுக்கு நாலு வரி பாட வாய் வரலியா? கல்லு மாதிரி உக்காந்திருக்காரு!"

அக்கா என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். அண்ணன் பாட வேண்டும் என்று அவர் நினைக்கவே இல்லை. அம்மாவின் இலையை மெதுவாக மடித்தார்.

"அம்மா சாப்பிடுறப்ப பாட மாட்டாங்க, தங்கச்சி. எனக்குத்தான் தோணல. அடுத்த வருசம் இலை போடுறதுக்கு முன்னாடியே மெஷினைப் போட்டுடணும்," என்றார்.

படம் இருந்த சுவரில் ஆணி மட்டும் இருந்தது. அடுத்த வருடம் அந்த வீட்டில் இலை போடப்போவதில்லை என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

"ஆமாக்கா, முன்னாடியே போட்டுடலாம்," என்றேன்.